பீம்பேட்கா: பாறை ஓவியம் பார்க்கப் போகிறவர்களுக்கு

மத்தியப் பிரதேசத்தில் போபாலுக்கு அருகே, தொல்கால மனிதர் வரைந்த ஓவியங்கள் உள்ள இடம் பீம்பேட்கா. பெயர்தான் குகை. போய் நின்றால் தெரிவது, முன்பக்கம் திறந்து குடைபோல் கவிந்த மணற்பாறைகள். 700க்கு மேற்பட்ட ஒதுங்கிடங்களில் நடைபாதையோடு திறந்திருப்பவை 15 மட்டுமே. பாதை நன்றாக இருக்கிறது. அரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம், பலரும் அப்படித்தான் சுற்றிவிட்டு "ஒன்றுமே இல்லையே" என்று இறங்குகிறார்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் வெறும் கறைதான் தெரியும். பாறை முன் இரண்டு நிமிடம் சும்மா நின்றால் உருவங்கள் ஒவ்வொன்றாக எழும்பும். 4ஆம் எண் பாறையில் இது நன்றாகப் புரியும். யானை, மான், காட்டெருது என்று 453 உருவங்கள், வெள்ளையிலும் சிவப்பிலும் ஒன்றன்மேல் ஒன்றாக. ஒரு மானின் வயிற்றில் இன்னொன்றின் கொம்பு கிடக்கும். எந்தக் கோடு எதை மறைக்கிறது என்று பார்த்தால் முந்தியது எது என்று பிடிபடும். வாளேந்திய குதிரை வீரர்கள் தெரிந்தால் அது பிற்காலத்து வேலை.

15ஆம் எண் பாறையில் கொம்பு முளைத்த பன்றி ஒரு குட்டி மனிதனை விரட்டுகிறது. ஓவியம் உயரத்தில் இருப்பதால் பைனாகுலர் அவசியம். ஃபிளாஷ் வேண்டாம். எடுத்த படத்தைப் பிறகு மங்கிய நிறங்களைத் தூக்கிக்காட்டும் 'டிஸ்ட்ரெச்' (DStretch) மென்பொருளில் போட்டு, அதிலுள்ள ஒய்.ஆர்.இ. (YRE) என்ற நிற அமைப்பை வைத்தால் மங்கிய காவி நிறம் மேலெழும். ஓவியம் தெளிவாகத் தெரிய யாராவது தண்ணீர் தெளிக்கப் போனால் தடுத்துவிடுங்கள். காய்ந்ததும் உப்புப் படிந்து உள்ளதும் போய்விடும்.

வழிகாட்டி வைத்துக்கொள்வது நல்லது. பலகைகளில் இருப்பது போதாது. ஆனால் முதல் பெரிய குகையின் கூரையில் 'டிக்கின்சோனியா' என்ற பல கோடி ஆண்டு பழைய கடல் உயிரியின் புதைபடிவம் என்று காட்டினால் நம்ப வேண்டாம். 2021இல் அப்படி அறிவித்தார்கள். 2023இல் அது தேனடை இருந்த தடம் என்று தெரிந்துவிட்டது. மலைத்தேனீ இன்றும் இங்கே கூடு கட்டுகிறது. சென்ட், புகை இரண்டும் கூடாது.

போபாலிலிருந்து சுமார் 45 கி.மீ. சென்னையிலிருந்து போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் ஜி.டி. எக்ஸ்பிரஸும் போபாலில் நிற்கும். பஸ்ஸில் போனால் நெடுஞ்சாலையில் இறங்கி ஏறத்தாழ 3 கி.மீ. மேட்டில் நடக்கவேண்டும். ஆகவே காத்திருப்புக்கும் சேர்த்து வண்டி பேசுங்கள். கட்டணம் கீழே வனத்துறை வாசலில். சாப்பாட்டை நெடுஞ்சாலையிலேயே முடித்துக்கொண்டு, தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காலை நேரம் உத்தமம். மே மாதத்தில் பாறையே அடுப்பு.