லேஸ் ஸ்கார்ஃபுக்கு பிளாக்கிங்: முக்கலா, ஆவியா, தெளிப்பா?

பின்னல் ஊசியிலிருந்து இறக்கிய லேஸ் (துளைத் துளையான டிசைன்) ஸ்கார்ஃபைப் பார்த்தால் பின்னியவருக்கே சப்பென்று ஆகிவிடும். துளைகள் மூடி, ஓரம் சுருண்டு, கசங்கிய துணியாகக் கிடக்கும். அதை ஈரமாக்கி, இழுத்து விரித்து, அசையாமல் காயவைத்தால்தான் டிசைன் கண்ணுக்குத் தெரியும். பின்னுகிறவர்கள் பிளாக்கிங் என்று சொல்வது இதைத்தான். தண்ணீரில் முழுதாக முக்கலாம், ஆவி காட்டலாம், விரித்துக் குண்டூசி குத்திவிட்டு மேலே தெளிக்கலாம். எது நல்லது என்று கேட்பவர்களிடம் முதலில் நூல் லேபிளைப் பார்க்கச் சொல்வேன்.

கம்பளி என்றால் யோசிக்கவே வேண்டாம், முக்கிவிடுங்கள். கம்பளி இழை கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நம் தலைமுடியும் அதே சரக்குதான். தண்ணீர் உள்ளே இறங்கினால் புரதச் சங்கிலிகளுக்கு இடையே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளரும். காயும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதிலேயே மறுபடி இறுகும். ஈரத்தலையோடு தூங்கி எழுந்தால் முடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறதே, அதே கதைதான். இழை முழுக்க நனைய 20, 30 நிமிடம் ஊற வேண்டும். தெளித்தால் மேலாக மட்டும்தான் நனையும். ஸ்வெட்டரை லேசாகச் சீர்செய்ய அது போதும். லேஸை நன்றாக இழுத்துத் திறக்கப் போதாது. லேஸுக்குத் தெளிப்பைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன்.

ஊறிய ஸ்கார்ஃபை ஒரு முனையைப் பிடித்துத் தூக்காதீர்கள். தண்ணீர் கனத்தில் அந்தப் பக்கம் மட்டும் நீண்டுவிடும். இரண்டு கையாலும் அள்ளி எடுத்து, துண்டில் வைத்துச் சுருட்டி, மேலே ஏறி மிதித்து ஈரத்தை வாங்குங்கள். முறுக்கிப் பிழியவே கூடாது.

அக்ரிலிக் என்ற செயற்கை நூலில் ஆட்டமே வேறு. அந்த இழை தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது. முக்கிக் காயவைத்தாலும் குண்டூசியை எடுத்ததும் பழையபடி சுருங்கிவிடும். அதற்குச் சூடுதான் மருந்து. விரித்துக் குத்திவிட்டு, ஸ்டீம் இஸ்திரிப் பெட்டியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து ஆவி மட்டும் காட்ட வேண்டும். பெட்டி துணியில் பட்டால் போச்சு: இழை இளகி, பளபளத்து, துவண்டுவிடும். மறுபடி சரிசெய்ய வழியே இல்லை. ஆனால் அளவாகச் செய்துவிட்டால் அக்ரிலிக்குக்கு ஒரு லாபம் உண்டு. கம்பளி லேஸை ஒவ்வொரு முறை துவைத்த பிறகும் மறுபடி விரித்துக் குத்தியாக வேண்டும். ஆவியில் படிந்த அக்ரிலிக் துவைத்தாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பின்னல் தெரியாத ஒருவருக்குப் பரிசு தருவதாக இருந்தால் அக்ரிலிக்கைத்தான் யோசிப்பேன். பருத்தியை முக்கலாம், ஆனால் அதற்கு வளைந்துகொடுக்கும் குணம் குறைவு. கம்பளி அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்தது, எதைக் கொண்டு பிடித்து வைப்பது? குண்டூசி மட்டும் என்றால் செலவு குறைவு, முதுகுவலி அதிகம். நேர் ஓரத்தில் ஊசிகளுக்கு இடையே துணி உள்வாங்கி, பல் பல்லாகத் தெரியும். அந்த ஓரத்துக்கு மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிதான் சரி. ஓரத்துக் கண்ணிகள் வழியாகக் கோத்து கம்பியை இழுத்தால் முழு ஓரமும் ஒரே கோடாக வரும். கம்பியை நிறுத்த நாலைந்து ஊசி போதும். முனையில் வளைவு வளைவாக டிசைன் இருந்தால் அங்கே ஊசிதான், ஒவ்வொரு வளைவின் நுனிக்கும் ஒன்று. எதுவானாலும் துருப்பிடிக்காததாக இருக்கட்டும். வெள்ளை லேஸில் ஏறிய துருக்கறை லேசில் போகாது.

லேஸ் பின்னலுக்குப் பேர்போன ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளிலும் ரஷ்யாவின் ஒரென்பர்கிலும் மரச்சட்டத்தில் நூல் கோத்து இழுத்துக் கட்டிக் காயவைப்பது வழக்கம். இரண்டு பக்கமும் காற்று படும், சுவரில் சாய்த்துவிட்டால் தரையும் மிச்சம். ஒரே அளவில் நிறையச் செய்பவர்களுக்கு அது லாபம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு பின்னுகிறவருக்கு, விரித்துக் குத்த ஒரு ஃபோம் மேட்டும் கம்பியும் போதும்.

முழுதாகக் காயும் வரை கை வைக்காதீர்கள். மழைக்காலத்தில் மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். நூல் முனைகளை முன்பே உள்ளே கோத்திருந்தாலும், மீதி வாலை ஊசி எடுத்த பிறகே வெட்டுங்கள். இழுக்கும்போது அதில் கொஞ்சம் உள்ளே போய்விடும்.