650 ரூபாய் மூங்கில் மணி, இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு

கடலூரில் எங்கள் வீட்டு மாடி வராந்தாவில் நின்றால் கடல் இரைச்சல் கேட்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்து உட்காரும் நேரத்துக்குச் சரியாகக் காற்று கிளம்பும். அதைக் கொஞ்சம் காதால் கேட்கலாமே என்றுதான் 2023 ஜூனில் ஒரு கைவினைக் கண்காட்சியில் அந்த மூங்கில் விண்ட் சைமை வாங்கினேன். 650 ரூபாய் சொன்னார்கள், பேரம் பேசவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டயர் ஆன புதிது, கையில் காசு இருந்தது.

மேலே கவிழ்த்த கொட்டாங்குச்சி, அதிலிருந்து ஆறு மூங்கில் குழாய், நடுவில் தட்டுவதற்கு ஒரு மரவில்லை, அதற்கும் கீழே காற்று பிடிக்க ஒரு பலகைத் துண்டு. சத்தம் உலோக மணி மாதிரி கிணுகிணுக்காது. மரச்செருப்பு போட்டுக்கொண்டு யாரோ அவசரமில்லாமல் படியேறுவது போல ‘கொடக், கொடக்’ என்று கேட்கும். மணிச் சத்தம் கேட்டால் தூக்கம் போய்விடும் என்று சொல்லும் என் வீட்டுக்காரரே இதற்கு வாய் திறக்கவில்லை. சத்தத்துக்கு முழு மார்க்.

மற்ற எல்லாவற்றிலும் குறைக்க வேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் அக்டோபரில் கைப்பிடிச் சுவர்மேல் கடலை மாவு சிந்தியது போல மஞ்சளாகத் தூள். துடைத்தேன். மறுநாள் அதே இடத்தில் அதே அளவு. அண்ணாந்து பார்த்தால் ஒரு குழாயின் அடி விளிம்பில் குண்டூசித் தலை அளவுக்கு நாலைந்து ஓட்டை. விரலால் சுண்டினேன், பொலபொலவென்று மாவு கொட்டியது. வண்டு வைத்து உளுத்துக்கொண்டிருந்தது. மூங்கிலின் வெளித்தோல் வழவழவென்று கெட்டி, அதை வண்டு சீண்டாது. வெட்டுவாய் வழியாகவும் உள்பக்கமாகவும்தான் நுழையும். உள்ளே இருக்கிற மாவுச்சத்துதான் அதற்குத் தீனி. பந்தல் மூங்கிலை வாரக்கணக்கில் குளத்தில் ஊறப்போட்டதெல்லாம் அந்தச் சத்து கரைந்து போகட்டும் என்றுதான். கண்காட்சிக்காரர் “ட்ரீட்மென்ட் பண்ணதும்மா” என்றார். என்ன ட்ரீட்மென்ட் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

எல்லாவற்றையும் அவிழ்த்தேன். நாட்டு மருந்துக்கடையில் வெண்காரம், கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடர், இரண்டும் 25 கிராம், ஒரு லிட்டர் வெந்நீர். இந்தக் கணக்கில் நாலு லிட்டர் கலக்கி, குழாய்க்குள் காற்று தங்காதபடி சாய்த்து அமுக்கி நாலு நாள் ஊறவிட்டேன். (கையுறை வேண்டும். பிள்ளைகளும் பூனையும் அந்தப் பக்கம் வரக்கூடாது.) பிறகு நிழலில் ஒரு வாரம். ஒன்றை மட்டும் அவசரப்பட்டு வெயிலில் வைத்தேன். நீளவாக்கில் ஒரு கீறல் விட்டது. அது இன்றும் தொண்டை கட்டின குரலில் மற்ற ஐந்தோடு சேர்ந்து பேசிக்கொண்டிருக்கிறது.

வெண்காரம் மழையில் கரைந்துவிடும், அதனால் மேலே எண்ணெய்ப் பூச்சு அவசியம். முதலில் வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெயைத் தடவினேன். அது காய்கிற எண்ணெய் இல்லை. பிசுபிசுவென்று தெருப்புழுதி முழுக்க ஒட்டிக்கொண்டது. துடைத்துவிட்டு, பெயின்ட் கடையில் ஆளிவிதை எண்ணெய் வாங்கி மெல்லிசாகத் தேய்த்தேன், வெட்டுவாய்க்கு மட்டும் இரண்டு கை. தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள். வார்னிஷ் தடிப்பாக அடித்தால் சத்தம் அமுங்கும், வெயிலில் உரியவும் செய்யும். பண்ருட்டிப் பக்கம் மரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் அடிப்பார்கள், பூச்சி கிட்டே வராது. ஆனால் தோலில் பட்டால் புண்ணாக்கும், மூங்கிலையும் கறுப்பாக்கிவிடும் என்று அதைத் தொடவில்லை.

அவிழ்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. குழாயின் மேல்முனையில் கணுவுக்கு மேலே அரை அங்குலம் விட்டு வெட்டியிருந்தார்கள். கணு அடைப்பு இல்லையா, அந்த அரை அங்குலம் சின்னக் கிண்ணம் மாதிரி மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆறு கிண்ணத்திலும் கறுப்பாக வண்டல். கணுவை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை போட்டேன், தண்ணீர் இறங்கிவிடுகிறது. செய்பவர்களே இதைப் போட்டு விற்றால் என்ன?

கயிறு அடுத்த மே மாதம் இற்றுப்போனது. வெயிலும் உப்புக்காற்றும் பருத்தி நூலை விட்டுவைக்குமா? தங்கூசி (தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பு) வாங்கலாம் என்று போனேன். வலை கட்டிக்கொண்டிருந்த பழைய மாணவன் ஒருவன், “தங்கூசி வேணாம் டீச்சர், முடிச்சு நழுவிடும். வலை பின்ற நூல் வாங்குங்க” என்றான். 40 ரூபாய் நூல், ஒரு வருஷம் தாண்டியும் கெட்டியாக இருக்கிறது. துருப்பிடித்த கொக்கியை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. முதல் நாளே மணியைக் கழற்றி, புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டு பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பரணில் போட்டேன். அடுத்து தென்பெண்ணை வெள்ளம். அந்த நேரத்தில் மூங்கிலை யார் நினைத்தார்கள்? பத்து நாள் கழித்துப் பிரித்தால் உள்ளே வேர்த்து, குழாய் பூராவும் சாம்பல் பூஞ்சை. வினிகர் கலந்த தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷுமாக ஒரு மத்தியானம் போயிற்று. பூஞ்சை போனது, கறை போகவில்லை. இப்போதெல்லாம் புயல் என்றால் பழைய வேட்டியில் சுற்றி வைக்கிறேன்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுப்பேன். வராந்தா கூரைக்கடியில் தொங்கவிட்டு, பொங்கலுக்குப் பிறகு வருஷம் ஒருமுறை எண்ணெய் காட்ட முடிகிறவர்கள் வாங்கலாம். மொட்டைமாடியில் மாட்டிவிட்டு மறந்துவிடுகிறவர்கள் வேண்டாம்.

இந்த வருஷமும் அதே கடைக்குப் போனேன், மகளுக்கு ஒன்று வாங்க. கைப்பையிலிருந்து கறுப்புச் சார்ட் பேப்பரை எடுத்து மேஜையில் விரித்து, ஒவ்வொரு மணியாக அதன்மேல் தட்டிப் பார்த்தேன். கடைப் பையன் ஒரு மாதிரி பார்த்தான். மூன்றாவதில் மாவு உதிர்ந்தது. நான்காவதை வாங்கி வந்தேன்.