விழிஞ்ஞமா, கலாத்தியா விரிகுடாவா?

இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017-இல் சீன நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தபின், இந்தியப் பெருங்கடலில் இந்தியா எங்கே காலூன்ற வேண்டும் என்பது குமரிக் கடற்கரையில் வாழும் நமக்கும் நேரடியான கேள்வியாகிவிட்டது.

செலவு: கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தின் முதற்கட்டம் சுமார் 8,900 கோடி ரூபாய், அந்தமான் நிக்கோபாரின் பெரிய நிக்கோபார் தீவில் கலாத்தியா விரிகுடாத் துறைமுகத் திட்டம் 2023 மதிப்பீட்டின்படி சுமார் 41,000 கோடி.

இருப்பிடம்: பன்னாட்டுக் கப்பல் தடத்துக்கு விழிஞ்ஞம் ஏறத்தாழ 10 கடல் மைல், கலாத்தியா 40, ஆயினும் சீனாவுக்கான எண்ணெய்க் கப்பல்கள் நுழையும் மலாக்கா நீரிணைக்கு அருகில்.

இழப்பு: கலாத்தியாவில் ஏழுவரி ஆமைகள் முட்டையிடும் மணற்கரையும் ஷோம்பென் பழங்குடியினரின் காடும், விழிஞ்ஞத்துக்கோ, களியக்காவிளை வழியே லாரி லாரியாகச் சென்ற நம் குமரி மலைகளின் பாறை. இது எனக்கு ஆறாத வேதனை.

சரக்கு வணிகத்துக்கு விழிஞ்ஞமே பொருத்தம். சீனக் கப்பல்களைக் கண்காணிக்க நிக்கோபார் இன்றியமையாதது. ஆனால் அதற்கு, 2012 முதல் அங்கு இயங்கும் ஐ.என்.எஸ். பாஸ் கடற்படை வானூர்தித் தளத்தை விரிவாக்கினாலே போதும் என்பது என் உறுதியான கருத்து.