பின்சீட்டுக்குப் போன நாலு அங்குலம்: ஐஎக்ஸ்1 லாங் வீல்பேஸ், ஒரு வருட அனுபவம்

எங்கள் வீட்டில் இரண்டு வண்டிகளுக்கும் பேர் வைத்துவிட்டோம். மச்சானுடையது ‘குட்டை’, எங்களுடையது ‘நீளம்’. இரண்டும் பிஎம்டபிள்யூவின் மின்சாரக் கார் ஐஎக்ஸ்1 தான். அவன் 2023 கடைசியில் வாங்கியது எக்ஸ்டிரைவ்30, வெளிநாட்டிலிருந்து முழு வண்டியாக இறங்கியது. நாங்கள் 2025 மார்ச்சில் எடுத்தது அதன் நீட்டிய வடிவமான லாங் வீல்பேஸ், நம்ம ஊர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் தொழிற்சாலையில் செய்தது. இப்போது ஒரு வருடம் தாண்டி, 19,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. எந்த வண்டியை எடுப்பது என்று கேட்டு நண்பர்கள் போன் செய்துகொண்டே இருப்பதால், பார்த்ததை முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வழக்கமாக நீளமான வண்டி என்றால் விலையும் கூடுதலாக இருக்கும். இதில் தலைகீழ். எக்ஸ்டிரைவ்30 வந்தபோது ஷோரூம் விலை 66.9 லட்சம். நீள வண்டி 2025 ஜனவரியில் 49 லட்சத்துக்கு வந்தது. இங்கேயே பொருத்துவதால் இறக்குமதித் தீர்வை பெரிதாகக் குறைகிறது, அது ஒரு காரணம். இன்னொரு காரணம் மோட்டார். குட்டையில் முன்னும் பின்னும் இரண்டு மோட்டார், நான்கு சக்கரமும் இழுக்கும், 313 குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 5.6 விநாடி. நீளத்தில் முன்பக்கம் ஒரே மோட்டார், 204 குதிரைத்திறன், நூறைத் தொட 8.6 விநாடி. பேட்டரி இரண்டிலும் ஒன்றுதான், 66.4 யூனிட்.

என் முன்னால் இருந்த தேர்வு இதுதான்: புது நீள வண்டி, அல்லது ஒரே ஆள் கையில் ஓடிய 2023 எக்ஸ்டிரைவ். பழைய வண்டிக்குக் கேட்ட விலையும் புதுசின் விலையும் அவ்வளவு தள்ளி இல்லை. உண்மையைச் சொன்னால் என் மனசு முழுக்கக் குட்டை மேல்தான் இருந்தது. மச்சான் ஒரு வாரம் சாவியைக் கொடுத்து, “மாமா, ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க” என்றான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிகாலை ஓட்டிவிட்டு வந்து மனைவியிடம் அதையே எடுத்துவிடலாம் என்று சொல்லியும்விட்டேன்.

அப்புறம் அம்மா ஏறிப் பார்த்தார்.

அம்மாவுக்கு 2024-இல் இரண்டு முழங்காலும் மாற்றியிருந்தது. அவர் காரில் ஏறும் விதமே வேறு. முதலில் இடுப்பைச் சீட்டில் வைப்பார், பிறகு கையால் தொடையைப் பிடித்து ஒவ்வொரு காலாக உள்ளே கொண்டுவருவார். குட்டையில் அந்தக் கால் உள்ளே திரும்பும் இடத்தில், நடுத்தூணுக்கும் சீட் முனைக்கும் நடுவே பாதம் இடித்தது. இரண்டு முறை முயன்று, மூன்றாவது முறை நான் குனிந்து காலைப் பிடித்துத் திருப்பினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, முகம்தான் சொன்னது. அடுத்த நாள் நீள வண்டியில் அதே அம்மா, அதே முறையில் ஏறினார். “இதுல கால் தானா வருதுப்பா” என்றார். பத்து நிமிடம் இறங்கவே இல்லை.

ஏன் அப்படி என்பது அளவைப் பார்த்தால் புரிந்துவிடும். குட்டையின் நீளம் 4500 மில்லிமீட்டர், நீள வண்டி 4616. வித்தியாசம் 116. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தைத்தான் வீல்பேஸ் என்கிறோம். அது 2692-இலிருந்து 2800 ஆகியிருக்கிறது, வித்தியாசம் 108. அதாவது கூட்டிய நீளத்தில் ஏறக்குறைய எல்லாமே, நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு அச்சுக்கும் நடுவில், பின்சீட்டுக்காரர் காலுக்கும் பின்கதவுக்கும் போயிருக்கிறது. முன்சீட்டில் உட்கார்ந்தால் எது எந்த வண்டி என்றே தெரியாது. அகலமும் மாறவில்லை. ஆகவே ஷோரூமில் முன்சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்து முடிவு செய்பவர் கிட்டத்தட்ட ஒரே வண்டியைத்தான் இரண்டு தடவை பார்க்கிறார். பின்சீட்டில் யார் உட்காரப்போகிறாரோ அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை நான் ஒரு வாரம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

அப்பாவின் கவலை வேறு: வீட்டில் நிற்குமா? நாங்கள் இருப்பது நங்கநல்லூரில், பழைய தனி வீடு. போர்ட்டிகோ பதினாறு அடி. அப்பா டேப்பை எடுத்து, தரையில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டார், 4.5 மீட்டரில் ஒன்று, 4.62-இல் ஒன்று. நீள வண்டி நின்றாலும் கேட்டை மூட பத்து அங்குலம் மிச்சம். சரி என்று நான் எழுந்துவிட்டேன். அவர் எழவில்லை. வீல்பேஸ் எவ்வளவு என்று கேட்டு, முன் டயர் எங்கே நிற்கும், பின் டயர் எங்கே நிற்கும் என்று நாலு கட்டம் போட்டார். குட்டையின் பின் டயர், தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் மூடிக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. நீளத்தின் பின் டயர் சரியாக மூடியின் ஓரத்தில் ஏறி உட்காருகிறது.

சென்னையில் பாதி வீடுகளில் சம்ப் போர்ட்டிகோவுக்கு அடியில்தான். முப்பது வருடத்துக்கு முன்னால் போட்ட அந்த மூடி அம்பாசடர், மாருதி எடைக்கு நினைத்துப் போட்டது. இந்த வண்டியோ இரண்டு டன் பக்கம். தினமும் ராத்திரி முழுக்க அதன் ஒரு மூலை மூடி மேலே நின்றால் ஒருநாள் உடையும். வண்டி வருவதற்கு முன்பே சட்டத்தைப் பெயர்த்து, லாரி ஏறினாலும் தாங்கும் வார்ப்பிரும்பு மூடி போட்டோம். மின்சார வண்டி வாங்கும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். நீளத்தை மட்டும் அளக்காதீர்கள், நான்கு டயரும் எதன் மேல் நிற்கும் என்று பாருங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள், இயந்திரம் வண்டியைத் தூக்கி அடுக்கும் மெக்கானிக்கல் பார்க்கிங் என்றால் அதன் தகட்டில் எழுதியிருக்கும் எடை வரம்பைப் படியுங்கள். சாதாரண பார்க்கிங் என்றால் கவலை இல்லை, விதிப்படி ஒரு கார் இடம் இரண்டரைக்கு ஐந்து மீட்டர், நீள வண்டியும் அதற்குள் அடங்கும்.

அடங்கும் என்றாலும் ஒரு சிக்கல் உண்டு. கூடுதல் நீளத்தில் பெரும்பங்கு பின்கதவுக்குப் போனதால் கதவு பெரிசு. பக்கத்து வண்டி ஒட்டி நின்றால் அந்தப் பெரிய கதவைப் பாதிதான் திறக்க முடியும், பாதி திறந்த பெரிய கதவால் அம்மாவுக்குப் பயன் இல்லை. கல்யாண மண்டபம், கடை பேஸ்மென்ட் எங்கே போனாலும் வாசலிலேயே அம்மாவை இறக்கிவிட்டுத்தான் பார்க்கிங்குக்குப் போவது என்று பழகிவிட்டது.

ஓட்டுவதில் என்ன மாறியது? மயிலாப்பூர் மாட வீதியில் முதல் மாதம் தடுமாறினேன். திருப்பத்தில் பின் டயர் முன் டயரை விட உள்பக்கமாக வெட்டி வரும், வீல்பேஸ் கூடக்கூட அந்த வெட்டும் கூடும். பூக்கடைக்காரர் கூடையை ஓரத்தில் வைத்திருப்பார், முன் டயர் தாண்டிவிடும், பின் டயர் அதன் மேல் வரும். இப்போதெல்லாம் அரை அடி முன்னால் போய்த் திருப்புகிறேன், கை தானாகச் செய்கிறது. பேஸ்மென்ட் சரிவுகள் இன்னொன்று. சரிவு முடிந்து சமதளம் தொடங்கும் மேட்டில் நீள வண்டியின் வயிறு சீக்கிரம் தரையை நெருங்கும். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தால் இன்னும் நெருங்கும். இது எந்த நீள வண்டிக்கும் பொது. உங்கள் குடியிருப்பின் சரிவு செங்குத்து என்றால், ஆட்களை ஏற்றிக்கொண்டு டெஸ்ட் டிரைவ் வண்டியை அங்கேயே கொண்டுவரச் சொல்லி ஏற்றி இறக்கிப் பாருங்கள். மழையில் நனைந்த சரிவில் முன் சக்கர இழுவை வண்டியை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், அங்கே மச்சானின் நான்கு சக்கர இழுவை நன்றாகவே தெரியும்.

அந்த 109 குதிரைத்திறனை நான் இழந்தது எங்கே உறைக்கிறது என்றால், எங்கள் குலதெய்வம் கோவிலுக்குப் போகும் வழியில். ஜிஎஸ்டி சாலை, திண்டிவனம், விக்கிரவாண்டி வரை நாலுவழி, அதுவரை ஒரு குறையும் இல்லை. அதைத் தாண்டிக் கும்பகோணம் சாலையில் இருவழியாகக் குறுகும் இடங்களில் கரும்பு ஏற்றிய டிராக்டர் முன்னால் போகும். குட்டை என்றால் சின்ன இடைவெளி கிடைத்தால் போதும். நீளத்தில் இன்னும் கொஞ்சம் காத்திருக்கிறேன். காத்திருக்கிறேன், அவ்வளவுதான். பின்சீட்டில் அம்மா சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கும்போது எனக்கு அது குறையாகத் தோன்றியதில்லை. பின்சீட்டின் முதுகைச் சாய்த்துக்கொள்ள முடிவது நீண்ட பயணத்தில் அவருக்குப் பெரிய ஆறுதல். முன்பெல்லாம் மதுராந்தகத்தில் ஒருமுறை, விக்கிரவாண்டியில் ஒருமுறை காலை நீட்ட இறங்குவார். இப்போது ஒரே நிறுத்தம், அதுவும் காபிக்காக.

ரேஞ்ச், அதாவது ஒரு முழுச் சார்ஜில் ஓடும் தூரம் பற்றி. நீள வண்டிக்கு இந்தியச் சோதனை முறைப்படி 531 கிலோமீட்டர், குட்டைக்கு ஐரோப்பிய முறைப்படி 440 வரை என்று சொல்கிறார்கள். இரண்டும் வேறு வேறு சோதனை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்க்கக் கூடாது. எனக்குக் கிடைப்பது நகரத்துக்குள் ஏசியோடு 400-ஐ ஒட்டி, நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் 360-ஐ ஒட்டி. கணக்கு எளிது. நூறு கிலோமீட்டருக்கு எனக்கு 16 முதல் 18 யூனிட் செலவாகிறது. அதே சாலையில் மச்சானுக்கு இரண்டு யூனிட் கூடுதலாகப் போகிறது, இரண்டு மோட்டார் அல்லவா. கும்பகோணத்துக்கு முழுச் சார்ஜில் கிளம்பினால் போய்ச் சேரும்போது இருபது சதவீதம் மிச்சம் இருக்கும். கத்திரி வெயிலில் அது கொஞ்சம் குறையும். ஒரு தடவை திரும்பும் வழியில் நம்பியிருந்த சார்ஜர் வேலை செய்யவில்லை, அடுத்ததில் மூன்று வண்டி வரிசை. அன்றிலிருந்து முப்பது சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதே சார்ஜரைத் தேட ஆரம்பித்துவிடுவேன். வேகச் சார்ஜரில் 130 கிலோவாட் வரை எடுக்கும், பத்திலிருந்து எண்பது சதவீதத்துக்கு அரைமணி. வீட்டில் மும்முனை இணைப்பு இருந்ததால் 11 கிலோவாட் சார்ஜர் போட்டோம், ராத்திரி போட்டால் விடிவதற்குள் நிறைந்துவிடும்.

இன்னொரு விஷயத்தை ஷோரூமில் யாரும் சொல்லவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரிக்குக் கரண்ட் திருப்பும். ஓட்டுபவருக்கு அது பழக்கம், அடுத்து என்ன வரும் என்று தெரியும். பின்சீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. கிண்டி நெரிசலில் அரைமணி அப்படி ஓட்டியதில் அம்மாவுக்கு வயிற்றைப் புரட்டிவிட்டது. அந்த இழுவையைக் குறைவில் வைத்து, காலையும் மெதுவாக எடுக்கப் பழகினேன். கொஞ்சம் ரேஞ்ச் போகும், போகட்டும். பின்சீட்டுக்காக வாங்கிய வண்டியைப் பின்சீட்டுக்காகத்தான் ஓட்ட வேண்டும்.

மழைக்காலத்தில் இரண்டும் ஒன்றுதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியதையும் பார்த்தோம். பேட்டரி முழுக்கத் தரைக்கு அடியில்தான், நன்றாக மூடித்தான் வைத்திருக்கிறார்கள், இருந்தாலும் தேங்கிய தண்ணீரில் மணிக்கணக்கில் நிறுத்த எனக்கு மனசு வராது. எச்சரிக்கை வந்தால் மேடான இடத்துக்குக் கொண்டுபோய்விடுவேன்.

மச்சானிடம் ஒரு வருடமாக, உனக்குக் குட்டைதான் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேர், ஓட்டுவதில் ஆசை, பின்சீட் பெரும்பாலும் காலி. அவர்களுக்கு அந்த நாலு அங்குலம் எதற்கு? போன மாதம் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கைக்குழந்தை சீட்டைப் பின்பக்கம் பார்த்தபடிதான் மாட்ட வேண்டும், அது நிறைய நீளத்தைச் சாப்பிடும். அவன் வண்டியில் மாட்டியதும் முன்சீட்டைத் தள்ளவேண்டி வந்து, அவன் மனைவியின் முழங்கால் டேஷ்போர்டைத் தொட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சீட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். நீளத்தில் மாட்டி, முன்சீட்டை இருந்த இடத்திலேயே விட்டு, அவளை உட்காரச் சொன்னோம். காலை நீட்டி உட்கார்ந்தாள். அப்பா உள்ளே போய் டேப்பையும் சாக்பீஸையும் எடுத்து வந்து, “உங்க பார்க்கிங் எத்தன அடி மாப்ள?” என்று ஆரம்பித்துவிட்டார்.