மணலில் பக்கத்து வீட்டை ஒட்டி அஸ்திவாரம்: தனி ஃபுட்டிங்கா, ராஃப்ட்டா?

எங்கள் மனை திருவான்மியூருக்குத் தெற்கே, கடற்கரைப் பக்கம். எங்கே தோண்டினாலும் மணல்தான். கிழக்கே பழைய மாடி வீடு. அதன் சுவர் எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மாடி கட்ட எனக்கிருந்த வழிகள் இரண்டு. தூணுக்கு ஒரு ஃபுட்டிங் (தூணின் அடியில் போடும் அகலமான கான்கிரீட் பாதம்), அல்லது வீட்டடி முழுக்க ஒரே கான்கிரீட் தளமாக ராஃப்ட். நான் தனி ஃபுட்டிங் போட்டேன். எல்லையோர வரிசையை மட்டும் ஸ்ட்ராப் பீமால் (இரண்டு ஃபுட்டிங்குகளைப் பிணைக்கும் கான்கிரீட் விட்டம்) உள்வரிசையோடு இணைத்தேன். அதனால் இந்த அலசல் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ராஃப்ட்டுக்குக் கம்பியும் கான்கிரீட்டும் கூடுதல், பலகை அடைக்கும் வேலை குறைவு.

பலரும் பயப்படுவது வேறொன்றுக்கு: பக்கத்து ஃபுட்டிங்குக்கு அருகில் நம்முடையதைப் போட்டால் மண்ணின் தாங்குதிறன் குறைந்துவிடுமோ என்று. மணலில் கணக்கு நேர்மாறாக வருகிறது. பாரம் மிஞ்சும்போது மணல் பக்கவாட்டில் நகர்ந்து மேலே பிதுங்கப் பார்க்கும். பக்கத்தில் இன்னொரு ஃபுட்டிங் அழுத்திக்கொண்டிருந்தால் அந்த வழி அடைபடுகிறது. 1962-இல் ஸ்டூவர்ட் என்ற ஆய்வாளர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். மணல் பரப்பின் மேல் ஒரே அகலமுள்ள இரண்டு நீள ஃபுட்டிங்குகள் (சுவர் நெடுக ஓடுபவை) ஒட்டி நின்றால், இரட்டை அகலமுள்ள ஒரே ஃபுட்டிங்காக வேலை செய்யும். ஒவ்வொன்றின் தாங்குதிறனும் இரு மடங்காகும். இடைவெளி அகலத்தைப் போல நாலைந்து மடங்கைத் தாண்டினால் ஒன்றின் பாதிப்பு மற்றதற்குப் பெரும்பாலும் இல்லை. ஆய்வகச் சோதனைகளில் இந்த லாபம் கணக்கில் வருவதைவிடக் குறைவாகவே தெரிகிறது.

அந்த லாபத்தை நம்பி ஃபுட்டிங்கைச் சிறிதாக்க நான் துணியவில்லை. காரணம், அமிழ்வு, அதாவது பாரத்தில் கட்டடம் மண்ணுக்குள் இறங்குவது. சதுர ஃபுட்டிங்கின் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, அதன் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழம் வரை இறங்குகிறது. இரண்டு ஃபுட்டிங்குகளின் அழுத்தம் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் மணல் கூடுதலாக இறுகும். பழைய வீடு தன் அமிழ்வை எப்போதோ முடித்துவிட்டது. நம் பாரம் ஏறும்போது அதன் நம் பக்கத்து ஓரம் மட்டும் மறுபடி இறங்கும். வீடு நம்மை நோக்கிச் சாயப் பார்க்கும். இந்த விஷயத்தில் ராஃப்ட்தான் மேல் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த அளவு வீட்டின் பாரத்தை அது சதுர மீட்டருக்கு நாலு டன் சுமாருக்குப் பரப்பிவிடும், அதிலும் பாதியளவு எடையை நாம் தோண்டி எடுக்கும் மணலே ஈடுகட்டும். ஆனால் அஸ்திவாரத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1904 மணலில் ராஃப்ட்டுக்கு 75 மி.மீ., தனி ஃபுட்டிங்குக்கு 50 மி.மீ. அமிழ்வை அனுமதிக்கிறதே என்று மகிழ வேண்டாம். அந்தச் சலுகை நம் வீட்டுக்குத்தான், பக்கத்து வீட்டுச் சுவருக்கு இல்லை.

எனக்கு முடிவைத் தீர்த்தது தோண்டும் வேலை. உராய்வுக் கோணம் (மணல் சரியாமல் பிடித்து நிற்கும் வலிமையின் அளவு) 30 பாகை உள்ள மணலில் ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் பக்கத்து வீட்டுக்கு ஒரு நீள ஃபுட்டிங் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் அடிமணல் உடையும் எல்லை சதுர மீட்டருக்குச் சுமார் 75 டன். அதில் 47 டன், ஃபுட்டிங்குக்குப் பக்கத்தில் அந்த ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு உட்கார்ந்திருக்கும் மண்ணின் எடையால் வருவது. அந்த மண்ணை அள்ளினால் மிஞ்சுவது 28 சொச்சம். ஒரு பக்கம் மட்டும்தானே தோண்டுகிறோம் என்பது சமாதானம் ஆகாது. மணல் பிதுங்க ஒரு பக்கம் போதும். ஃபுட்டிங் 20 டன் அழுத்தத்தில் இருந்தால் மூன்றரை மடங்குக்கும் மேல் இருந்த பாதுகாப்பு ஒன்றரைக்கும் கீழே போய்விடும், நாம் இன்னும் ஒரு சட்டி கான்கிரீட் கூடக் கொட்டாதபோதே.

ராஃப்ட் என்றால் எல்லையோரம் முழு நீளத்துக்கும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும். தனி ஃபுட்டிங்கில் ஒரு குழி விட்டு ஒரு குழி தோண்டி, கான்கிரீட் போட்டு, மண் மூடி இறுக்கிய பிறகு அடுத்ததைத் திறக்கலாம். மேஸ்திரிக்கு இந்தத் தாமதம் பிடிக்காதுதான். ஈர மணல் செங்குத்தாக நிற்பதைக் காட்டி "அதெல்லாம் நிக்கும் சார்" என்பார். அது ஈரம் இருக்கும்வரைதான். வெயிலில் காய்ந்தாலும் சரி, தண்ணீரில் ஊறினாலும் சரி, சரிந்துவிடும். சவுக்குக் கட்டையும் பலகையும் கொடுத்துத் தாங்காமல் ஆளை இறக்கக் கூடாது. ஊற்று வந்தால் மோட்டார் போட்டு இறைப்பதும் ஆபத்து. தண்ணீரோடு பக்கத்து வீட்டு அடிமணலும் வந்துவிடும். அதனால் ஐப்பசி மழைக்கு முன்பே குழி வேலையை முடித்துவிட வேண்டும்.

ராஃப்ட்டையும் பட்டை பட்டையாகத் தோண்டிப் போடலாம் என்கிறார்கள். நான் செய்து பார்த்ததில்லை. ஒவ்வொரு பட்டையிலும் கம்பிக்கு ஓவர்லாப் விட்டு இணைப்பது தலைவலி என்றே தோன்றுகிறது.

ஆழமும் முக்கியம். மணலில் அடுத்தடுத்த ஃபுட்டிங்குகளின் கீழ் ஓரங்களை இணைக்கும் கோடு, இரண்டு மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் இறக்கம் என்ற சரிவை மீறக் கூடாது என்கிறது அதே ஐ.எஸ். 1904. பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டு, எல்லையில் சின்னச் சோதனைக் குழி ஒன்று எடுத்து அவர்கள் ஃபுட்டிங் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்த்தோம். எங்களுடையதையும் அதே மட்டத்தில் நிறுத்தினோம்.

மண் பரிசோதனையில் எஸ்.பி.டி. எண் (குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கி மண்ணின் இறுக்கத்தை அளக்கும் எண்) 10-க்குக் கீழ் வந்தாலோ, ஃபுட்டிங்குகளே வீட்டடியில் பாதிக்கு மேல் அடைத்தாலோ, நானும் ராஃப்ட் பக்கம்தான் போவேன்.