போர்வெல்லை இன்னும் ஆழப்படுத்தறதா, இருக்கற போருக்கே மழைத்தண்ணி விடறதா?

கோயம்புத்தூர் பக்கம் மெஸ், லாண்ட்ரி நடத்தறவங்க வெயில் காலம் வந்தா இதத்தான் கேக்கறாங்க, நானும் ரெண்டையும் பண்ணிப் பாத்தவன்தான்.

செலவு: ஆழப்படுத்தினா போர் போடற ரிக் வண்டிக்காரர் அடிக்கு இவ்வளவுன்னு கணக்கு போடுவார், அப்புறம் பைப், கேபிள், பெரிய மோட்டார்னு ஒண்ணு பின்னாடி ஒண்ணு வரும், ஆழம் கூடக்கூட கரண்ட் பில்லும் கூடும். ரீசார்ஜுக்கு, அதாவது மழைத்தண்ணிய போருக்கு விடறதுக்கு, குழி, ஜல்லி, மணல், கொஞ்சம் பிவிசி பைப், அவ்வளவுதான்.

தண்ணி: நம்ம ஊர் பாறை பூமி, தண்ணி வெடிப்புல மட்டும்தான் ஓடும். வெடிப்பு மாட்டலைன்னா 800 அடி போனாலும் பாறைத்தூசி புகைதான் வரும், எனக்கு ரெண்டு நாள் அந்த வெள்ளைப் பொடிதான் வந்துச்சு. மழைக்கு கணக்கு இருக்கு: 200 சதுர மீட்டர் மாடில 600 மில்லிமீட்டர் பேஞ்சா 1,20,000 லிட்டர், அதுல கொஞ்சம் வீணாப் போகும்.

தரம்: ஆழத்துத் தண்ணில உப்பு ஏறிடுச்சுன்னா இட்லி குண்டான்ல வெள்ளையா படியும். மழைத்தண்ணி கலந்தா உப்பு குறையும், ஆனா முதல் மழையை வெளிய விட்டுடணும், ஃபில்டர் குழியை வருஷா வருஷம் கழுவணும், அழுக்குத் தண்ணி நேரா போருக்குள்ள போனா வம்பு.

நாளைக்கே தண்ணி வேணும், போர் சுத்தமா வத்திடுச்சுன்னா ஆழப்படுத்துங்க, வேற வழியில்ல. மழைக்காலத்துல ஊறி, சித்திரைல மட்டும் வத்தற போரா? ரீசார்ஜ்தான். 2003லயே மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சொல்லிட்டாங்க, பாதி மாடில பைப் இருக்கு, சாக்கடைக்குத்தான் போகுது.