‘டேட்டா எங்கயும் போகாதுண்ணே’: 6,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கி வந்த காலி ஹார்ட் டிஸ்க்

கோபம் ஆறட்டும், அப்புறம் எழுது என்று வீட்டில் சொன்னார்கள். ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் இப்போதே எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. மதுரையில் மாடிப்படி ஏறிப் போகிற ஒரு லேப்டாப் சர்வீஸ் கடை, கண்ணாடிக் கதவு, கவுன்ட்டரில் பாதி பிரித்துப் போட்ட மதர்போர்டுகள். இந்த மாதிரிக் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது. போன பணம் 6,500 ரூபாய். கூடவே போனதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை.

முதலில் என் தப்பு. பழைய லேப்டாப், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 ஒரு பக்கம், உபுண்டு என்கிற லினக்ஸ் இயங்குதளம் ஒரு பக்கம் (இப்படி இரண்டும் இருந்தால் டூயல் பூட் என்பார்கள்). உபுண்டுவில் ஆறு வருடமாகச் செய்த புத்தக வடிவமைப்பு வேலைகள். டி டிரைவில் மகள் பிறந்ததிலிருந்து நாலாம் வகுப்பு வரையிலான படங்கள். டி டிரைவ் நிரம்பிக்கொண்டே வந்தது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், சி, டி மாதிரி எழுத்தே இல்லாமல் 4 ஜிபியில் ஒரு பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கில் பிரித்து வைத்த ஒரு பகுதி, சும்மா கிடக்கிறது. உபுண்டுவின் ஸ்வாப் அது, ரேம் போதாதபோது பயன்படுத்திக்கொள்ளும் இடம். ரேம்தான் ஏற்றிவிட்டோமே, இது எதற்கு என்று அழித்தேன். அந்த 4 ஜிபியும் டி டிரைவோடு சேரவில்லை என்பது தனிக் கூத்து. ரீஸ்டார்ட் செய்தேன். கறுப்புத் திரை. ‘அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதன் கீழே ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று ஒரு வரி, பக்கத்தில் கர்சர். அவ்வளவுதான். கிரப் என்பது கணினி தொடங்கும்போது விண்டோஸா உபுண்டுவா என்று கேட்டுத் திறந்துவிடுகிற சிறு நிரல்.

சனிக்கிழமை மதியம். திங்கட்கிழமை ஒரு புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். எனக்குக் கை ஓடவில்லை. நாலு மணிக்கு அந்தக் கடை மாடியில் நின்றேன்.

கவுன்ட்டரில் இருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். திரையைப் பார்த்ததும், “கிரப் போயிருச்சுண்ணே, டூயல் பூட்தானே?” என்றான். அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். விஷயம் தெரிந்தவன் என்று நினைத்துவிட்டேன். “உள்ள இருக்கிற ஃபைல் எதுவும் போகக் கூடாது தம்பி, அதுதான் முக்கியம்” என்று இரண்டு தடவை சொன்னேன். “டேட்டா எங்கயும் போகாதுண்ணே, நான் கேரண்டி” என்றான். லேப்டாப்பை மூடி, அதன் மேல் என் பெயரை ஒட்டி, எனக்கு டீ வரவழைத்தான். நான் டீயைக் குடித்துவிட்டு 1,500 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து வந்தேன். ஒரு சீட்டில் கையெழுத்தும் போட்டேன். சீட்டின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் என்ன இருந்தது என்று அப்போது பார்க்கவில்லை. ‘டேட்டாவுக்குக் கடை பொறுப்பல்ல’ என்று இருந்தது.

ஞாயிறு மதியம் போன். “அண்ணே, டிஸ்க்ல பேட் செக்டார் இருக்கு, சில இடம் பழுதாயிருச்சு. ரெக்கவரி போட்டுத்தான் எடுக்கணும். தனியா 5,000 ஆகும். லேட் பண்ணா எல்லாம் போயிரும்.” மகள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். யோசிக்கவே இல்லை, ஜிபே செய்தேன். ஆக 6,500. திங்கள் போன் செய்தால் “ஓடிக்கிட்டு இருக்குண்ணே”. செவ்வாய் “டெக்னீஷியன் லீவு”. புத்தகம் அச்சுக்குப் போகவில்லை, பதிப்பாளரிடம் வாங்கிய பேச்சு வேறு கதை. புதன் சாயந்திரம் லேப்டாப்பைக் கையில் கொடுத்து, “எவ்வளவோ முயற்சி பண்ணோம்ணே, டிஸ்க் கம்ப்ளைன்ட், வரலை” என்றான். திறந்தால் புது விண்டோஸ். ஒரே சி டிரைவ், 931 ஜிபி. டி இல்லை, உபுண்டு இல்லை. வேறு வால்பேப்பர், கடையின் பெயரோடு.

இனிமேல்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

என் மச்சான் பெங்களூரில் சர்வர் பார்க்கிற வேலையில் இருக்கிறான். அவனிடம் போனில் சொன்னேன். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ‘சிஸ்டம்இன்ஃபோ’ என்று அடிக்கச் சொன்னான். விண்டோஸ் எப்போது நிறுவப்பட்டது என்று அதில் ஒரு வரி வரும். வந்தது. சனிக்கிழமை மாலை 6.42. அதாவது நான் டீ குடித்துவிட்டு வந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்து புது விண்டோஸ் போட்டாயிற்று. மறுநாள் மதியம்தான் என்னிடம் ‘ரெக்கவரி’ என்று 5,000 கேட்டிருக்கிறான். துடைத்துப் போட்டுவிட்டு, துடைத்ததை எடுத்துத் தருகிறேன் என்று காசு!

டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிற ‘ஸ்மார்ட்’ விவரத்தையும் பார்த்தோம். மாற்றப்பட்ட செக்டார்: 0. நிலுவையில் உள்ள செக்டார்: 0. பேட் செக்டாராம்.

மச்சான் சொன்ன இன்னொன்றை நினைத்தால் தூக்கமே வரவில்லை. டிஸ்க்கைப் பிரித்து வைக்கிற பழைய எம்பிஆர் முறையில் பிரைமரி (முதன்மை) பார்ட்டிஷன் நான்குதான் முடியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி அதற்குள் லாஜிக்கலாகப் போடுவார்கள், அவற்றின் எண் 5-இல் தொடங்கும். என் ஸ்வாப் 5, உபுண்டு 6. நான் 5-ஐ அழித்ததும் 6 நகர்ந்து 5 ஆகிவிட்டது. கிரப் மட்டும் பழையபடி 6-ஐத் தேடிக்கொண்டிருந்தது. வீட்டை மாற்றியவனைப் பழைய விலாசத்தில் தேடுகிற மாதிரி. அந்தக் கறுப்புத் திரையிலேயே நாலைந்து வரி அடித்துப் புது எண்ணைச் சொல்லியிருந்தால் உபுண்டு திறந்திருக்கும். உள்ளே போய் கிரப்பை மறுபடி நிறுவினால் வேலை முடிந்தது. ஒரு ஃபைல்கூடப் போகவில்லை அப்போது. “ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா மச்சான்?” என்கிறான். என்ன சொல்ல?

வியாழன் அந்த சிஸ்டம்இன்ஃபோ படத்தோடு கடைக்குப் போனேன். தம்பி இல்லை. இருந்தவர் “ஓனர் ஊர்ல இல்ல சார்” என்றார். படத்தைக் காட்டினால், “நீங்கதானே சார் முதல்ல பார்ட்டிஷன அழிச்சீங்க?” என்றார். சீட்டைக் காட்டினார். 5,000-ஐயாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். டிராயரைத் திறந்து ஒரு மவுஸ் பேடை எடுத்து நீட்டினார். 6,500 ரூபாய்க்கு மவுஸ் பேட்! அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். வாட்ஸாப்பில் அனுப்பியதற்கு இரண்டு நீல டிக், பதில் இல்லை. நேற்று ஒன்று வந்தது: ‘எங்கள் சேவை பிடித்திருந்தால் 5 ஸ்டார் கொடுங்கள்’.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன், புகார் பதிந்திருக்கிறார்கள். பில்லைக் கேட்டார்கள். பில் எங்கே இருக்கிறது? ஜிபே போனதும் கடைக் கணக்குக்கு இல்லை, யாரோ ஒருவர் பெயருக்கு.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பூட் ஆகவில்லை என்றால் டேட்டா போய்விட்டது என்று அர்த்தமில்லை, பதறாதீர்கள். உபுண்டு பென்டிரைவ் ஒன்று கைவசம் வைத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து பூட் செய்து முதலில் ஃபைல்களை வெளியே எடுங்கள். கடையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு வேறு டிஸ்க்கில் விண்டோஸ் போடச் சொல்லுங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். சீட்டைப் படியுங்கள். பேக்கப், அது எனக்கே இல்லை, நான் எந்த வாயால் சொல்வது.

இப்போது டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டி போட்டோரெக் ஓடுகிறது, அழிந்த ஃபைல்களைத் தேடி எடுக்கிற இலவச மென்பொருள்தான். படங்கள் வருகின்றன, பெயர் இல்லாமல், எஃப் என்ற எழுத்தும் நீளமாக ஒரு எண்ணுமாக. நிறைய கட்டைவிரல் அளவுச் சிறுபடங்கள். பல படங்கள் பாதிக்கு மேல் சாம்பல் நிறம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, “இது நான், இது நான் இல்ல” என்று பிரித்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் பாதி டிஸ்க்கூட முடியவில்லை.